நாலு விரல் கூடுதல்

அத்தியாயம் 14

டெய்லர் அக்கா அன்று காலை மூன்று முறை வீட்டைப் பூட்டினாள். முதல் தடவை தண்ணீர் பாட்டிலை மறந்து திரும்பினாள். இரண்டாவது தடவை தொப்பியை. மூன்றாவது தடவை உள்ளே போய், எதற்காக வந்தோம் என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

"இன்னும் ஏதாவது இருக்கா, இல்ல கிளம்பலாமா?" வேனில் உட்கார்ந்திருந்த கார்பெண்டர் கேட்டார். அவள் புருஷன்.

"பயமா இருக்குங்க."

"எனக்குந்தான். ஏறு."

இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனுஷன் பயம் என்று ஒப்புக்கொண்டது இது இரண்டாவது தடவை. அதுவே அவளுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

இந்தப் புருஷனும் பொண்டாட்டியும் ஐந்து மாதமாகப் பிடித்துக்கொண்டு அலையும் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் கிட்டே வாருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஏரிக்கரைப் படகு மன்றத்தில் படகுகளைப் பழுது பார்ப்பவர் கார்பெண்டர். அங்கே பந்தயத்துக்கு நிற்கும் பாய்மரப் படகு ஒன்றின் விலைக்கு ஒரு வீட்டை வாங்கலாம். அதனால் வருடத்துக்கு வருடம் ஆள் குறைந்து, கடைசியில் ஐந்து படகும் அதே ஐந்து முகமும்தான் மிச்சம். யார் ஜெயிப்பார் என்று ஏரிக்கரை நாய்க்குக்கூடத் தெரியும்.

அப்போதுதான் இரண்டே இரண்டு ப்ளைவுட் பலகையில் ஒரு படகு பிறந்தது. பலகையை வெட்டி, ஓரமெல்லாம் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது போல் தைத்து, மேலே பசைநாடா ஒட்டினால் படகு தயார். பலகையைத் தைக்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இருவருக்கும் இன்றுவரை தகராறு. லாரியை மூடுகிற நீலத் தார்ப்பாயில் பாய். எல்லாம் சேர்த்து ஒரு சைக்கிள் விலை.

ஆள் பிடிக்கிற வேலை டெய்லர் அக்காவுடையது. யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வந்தவர்களை எல்லாம் இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கேட்பாள்: "படகு ஓட்டுறீங்களா?" டேப்புக்குள் மாட்டியவர் எங்கே ஓடுவார்? நர்ஸ் மாட்டினாள். பஸ் டிரைவர் மாட்டினார். கணக்கு டீச்சர் மாட்டினாள். இப்படி ஏழு பேர். எட்டாவது ஆள் அவளே.

அதுதான் விஷயம். நாற்பத்து மூன்று வயதுவரை அவள் ஆசைப்பட்டதெல்லாம் பிள்ளைகளுக்காக, வீட்டுக்காக, கடைக்காக. இந்தப் படகு ஒன்றுதான் தனக்கென்று ஆசைப்பட்டது. சுவரைப் பார்த்துத் தைத்தே பழகிய கண்ணுக்குத் திடீரென்று இவ்வளவு தண்ணீர் கிடைத்துவிட்டது. அதைக் கைவிட அவளுக்கு மனசில்லை.

மன்றம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. எட்டுப் படகும் அளவு சரியாக வர வேண்டும். எட்டும் பந்தயத்தை முடிக்க வேண்டும். அப்படியானால் அடுத்த வருடத்திலிருந்து இதற்கென்று தனிப் பந்தயமும், கொட்டகையில் படகு நிறுத்த இடமும் உண்டு. ஒன்று குறைந்தாலும் பேச்சே கிடையாது.

அந்த நாள்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

*

படகுக் கொட்டகையின் சிமெண்ட் தரையில் எட்டு நீலப் பாய்களும் விரிந்து கிடந்தன. நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள் நாத்தனார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் விசில், கையில் இரும்பு டேப். மன்றத்தின் அளவு அதிகாரி. கார்பெண்டரின் சொந்த அக்கா.

இந்த அக்காவும் தம்பியும் பேசி ஒரு வருடம் ஆகிறது. போன வருடப் பொதுக்கூட்டத்தில் கார்பெண்டர் எழுந்து, "எங்க அக்கா படகை வித்தா அம்பது பேர் படகு ஓட்டலாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அக்கா படகு அவ்வளவு உசத்தி என்றுதான் அவர் நினைத்தது. அக்கா காதில் விழுந்தது, படகை வித்துடு என்று. நகையை விற்று, கடன் வாங்கி, இருபது வருடம் அந்தப் படகை ஓட்டியவள் அவள். கூட்டம் முடிவதற்குள் எழுந்து போனவள்தான்.

அன்றிலிருந்து எல்லாப் பேச்சும் டெய்லர் அக்கா வழியாகத்தான் போகும், வரும்.

"உன் புருஷன்கிட்ட சொல்லு, பாய்மரம் எட்டும் சரியா இருக்குன்னு" என்றாள் நாத்தனார். புருஷன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றின்னு சொல்லு" என்றார் அவர், கூரையைப் பார்த்து.

"என்னை ஆளை விடுங்கப்பா" என்றாள் டெய்லர் அக்கா.

நாத்தனார் முதல் பாயை அளந்தாள். நெற்றி சுருங்கியது. மறுபடி அளந்தாள். இரண்டாவது பாய்க்குப் போனாள், மூன்றாவதற்குப் போனாள். எட்டையும் அளந்து முடித்துவிட்டு எழுந்து நின்றபோது அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"எட்டும் கூடுதல்."

"என்னது?"

"ஓரத்துக்கு ஓரம் மூணு விரல், மூணரை விரல் கூடுதல். ஒண்ணுகூட அளவுல இல்ல."

டெய்லர் அக்கா முகத்தில் ஈயாடவில்லை. பாயின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தைந்து வருடமாகப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கை அது. வளருகிற பிள்ளைக்குப் பிரித்து விடுவதற்கென்று எப்போதும் நாலு விரல் துணி கூடுதலாக விட்டுத்தான் வெட்டும். அதை உள்ளே மடித்துத் தைக்கும். தார்ப்பாயை வெட்டும்போதும் அந்தக் கை யாரையும் கேட்கவில்லை. எட்டுக்கும் நாலு விரல் விட்டுவிட்டது.

அதுவும் போகட்டும். அவரவர் பாயை அவரவரே தைக்க வேண்டும் என்பது திட்டம். கூலி மிச்சம், தொழிலும் தெரிந்துகொள்ளலாம். "ஓரத்தை மடிச்சுத் தைங்க" என்று சொன்னவள், எவ்வளவு மடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தையல்காரருக்குள் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. நர்ஸும் டிரைவரும் டீச்சரும் கைக்குட்டைக்கு மடிப்பதுபோல் அரை விரல் மடித்துத் தைத்திருந்தார்கள். அவளுடைய சொந்தப் பாய்தான் எல்லோரும் தைத்துப் பழகிய பாய். அதில் ஆளுக்கொரு கோணல்.

"எட்டும் பெருசுதானே? அப்ப எல்லாரும் சமம்தானே மேடம்?" என்றார் பஸ் டிரைவர்.

"சமம் இல்ல. உங்களோடது மூணு விரல், நர்ஸோடது மூணரை" என்றாள் நாத்தனார். "அப்படியே சமமா இருந்தாலும் முடியாது. ஒரு விரல் அகலம்கூட அதிகமா இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எழுதினது நான் இல்ல." 

எல்லோரும் கார்பெண்டரைப் பார்த்தார்கள். அவர்தான் எழுதினார். பணக்காரன் காசைக் கொட்டிப் பெரிய பாய் வைத்து ஏழையை அடிக்கக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதின விதி.

"பந்தயம் எத்தனை மணிக்கு அண்ணி?" டெய்லர் அக்கா தரையிலிருந்தே கேட்டாள்.

"பதினொண்ணு. இப்ப ஒம்பதரை."

"என்னங்க, வேனை எடுங்க. கடைக்குப் போய் மெஷினைத் தூக்கிட்டு வாங்க. கால்ல மிதிக்கிற மெஷின். கொட்டகையில கரண்ட் இல்ல. கரண்ட் மெஷினைத் தூக்கிட்டு வந்து நின்னீங்கன்னா பாருங்க!"

கார்பெண்டர் ஓடிய ஓட்டத்தை அன்றைக்குப் பந்தயத்தில் சேர்த்திருந்தால் பரிசு அவருக்குத்தான்.

*

பத்து மணிக்கு மெஷின் கொட்டகைக்கு வந்தது. பத்து இரண்டுக்கு முதல் பாய் ஊசிக்குக் கீழே போனது.

எட்டுப் பேரும் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிட்டார்கள். டீச்சர் சாக்பீஸால் கோடு போட்டாள். நர்ஸ் பழைய தையலைப் பிரித்தாள்; அவள் கத்தரிக்கோல் பிடிக்கிற அழகே தனி. டிரைவர் தார்ப்பாயின் கனத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். "லெஃப்ட்ல வாங்க, லெஃப்ட்ல வாங்க, நிறுத்துங்க!" என்று டெய்லர் அக்கா கத்த, "இருபது வருஷமா நான் அடுத்தவங்களுக்குச் சொன்னதுக்கு இன்னைக்குத் திருப்பிக் கிடைக்குது" என்றார்.

நாத்தனார் கொட்டகையின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அளவு அதிகாரி, கை வைக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு பாயும் மெஷினைவிட்டு இறங்கிய மறு நிமிஷம் டேப்போடு வந்து அளந்தாள். ஒரு பாயையும் காக்க வைக்கவில்லை. டெய்லர் அக்கா அதைக் கவனித்தாள்.

"சரி" என்றாள் முதல் பாய்க்கு. "சரி" என்றாள் இரண்டாவதுக்கு.

தார்ப்பாய் யூனிஃபார்ம் துணி இல்லை. மூன்றாவது பாயில் ஒரு ஊசி முறிந்தது. ஐந்தாவதில் இரண்டு. ஏழாவது பாயின் கடைசி முனையில், இன்னும் ஒரு ஜாண் பாக்கி இருக்கும்போது, டப்பாவில் இருந்த கடைசி ஊசியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்து முடித்தாள். முடித்து எடுக்கும்போது அதுவும் டிக்கென்று போனது.

மணி பத்து நாற்பத்து மூன்று. மிச்சம் இருந்தது அவளுடைய பாய்.

மற்றவர்கள் பாயை எல்லாம் முதலில் முடித்துவிட்டு தன்னுடையதைக் கடைசிக்குத் தள்ளியிருந்தாள். கடைக்குப் போய் ஊசி எடுத்துவர இருபது நிமிஷம்.

"எனக்கு முதல்லயே தைச்சிருக்க வேணாம்" என்றாள் நர்ஸ், அழுகிற குரலில்.

"சும்மா இரு. கை ஊசி இருக்கு" என்றாள் டெய்லர் அக்கா.

சட்டை தைப்பதற்கு முன்னால் துணி நகராமல் இருக்க நீள நீளமாக ஒரு தையல் போடுவார்களே, ஓட்டத் தையல், அதைப் போட ஆரம்பித்தாள். உள்ளங்கையால் ஊசியைத் தள்ளித் தள்ளி, தார்ப்பாய்க்குள் குத்தி இழுத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல். கட்டைவிரலில் ரத்தம் வந்தது. டீச்சர் ஒரு பக்கத்திலும் நர்ஸ் ஒரு பக்கத்திலும் மடிப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

பத்து ஐம்பத்தாறுக்கு நாத்தனார் டேப்பை வைத்தாள்.

"அளவு சரி" என்றாள். பிறகு தையலை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஆனா காத்து எழுந்தா இது தாங்காது."

"தாங்கும் அண்ணி."

"தாங்காட்டி?"

"அப்ப பாத்துக்கலாம்."

நாத்தனார் பாயை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

*

பதினொன்றுக்கு விசில் ஒலித்தது. எட்டு நீலப் பாய்களும் ஒன்றாகக் கிளம்பின.

ஒன்றாக என்பது ஒரு பேச்சுக்குத்தான். டிரைவர் பழக்க தோஷத்தில் சுக்கான் பிடியை ஸ்டியரிங் என்று நினைத்து இடதுக்கு வலதாகத் தள்ளி டீச்சர் படகின் மேல் மோதினார். "சாரி டீச்சர்!" என்று அவர் கத்த, "இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் போகும்னு எத்தனை தடவை சொன்னேன்!" என்று டீச்சர் நடு ஏரியில் வகுப்பு எடுத்தாள். கரையில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார்கள்.

மூன்று மிதவைகளைச் சுற்றி இரண்டு சுற்று. அவ்வளவுதான் பந்தயம்.

முதல் சுற்றில் டெய்லர் அக்கா நாலாவதாக வந்தாள். கயிறு ஒரு கையில், சுக்கான் பிடி ஒரு கையில். முகத்தில் தண்ணீர் அடித்தது. இத்தனை வயதில் தனக்கு இப்படிச் சிரிக்க வருமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டாவது சுற்றில், தூர மிதவையைத் தாண்டியபோது, காற்று எழுந்தது.

பாய் புடைத்தது. அவசரத்தில் இழுத்த சட்டையின் பொத்தான்கள் தெறிப்பதுபோல் பட், பட், பட்டென்று ஓட்டத் தையல் மேலிருந்து கீழ்வரை பிரிந்துகொண்டு வந்தது. உள்ளே மடிந்திருந்த நாலு விரல் துணியும் வெளியே வந்து காற்றை வாங்கியது. படகு ஒரு துள்ளுத் துள்ளியது.

நர்ஸின் படகைத் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் தாண்டியது தெரிந்தது. அடுத்து டீச்சரைத் தாண்டினாள். முன்னால் டிரைவர் மட்டும்தான், அவரும் வளைந்து வளைந்துதான் போய்க்கொண்டிருந்தார்.

ஜெயித்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததும் அவள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வாழ்க்கையில் எதிலும் முதலாவது வந்ததில்லை, பள்ளிக்கூடத்தில்கூட.

தலை நிமிர்ந்து பாயைப் பார்த்தாள். நாலு விரல் கூடுதல் படபடத்தது.

பந்தயத்திலிருந்து விலகிப் போனால் ஏழு படகுதான் முடிக்கும், எல்லாம் போச்சு. இந்தப் பாயோடு ஜெயித்தால் அது நர்ஸிடமும் டீச்சரிடமும் இருந்து பிடுங்கின ஜெயம். காதும் காதும் வைத்தாற்போல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதைச் சொல்லத்தானே வேண்டும். அவளும் மனுஷிதான்.

கயிற்றை விட்டாள்.

பாய் தளர்ந்து துவண்டது. படகு நின்றது. நடு ஏரியில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தாண்டினாள். "என்னக்கா ஆச்சு?" என்று கத்திக்கொண்டே நர்ஸ் தாண்டினாள். "ஒண்ணுமில்ல, போ!" என்று கையை ஆட்டினாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். ஆறாவது படகும் தாண்டிப் போன பிறகுதான் கயிற்றைத் தொட்டாள். அதுவும் பாதிதான் இழுத்தாள். பாயைத் தளர விட்டே, ஆமை வேகத்தில், கண்ணைத் துடைத்துக்கொண்டே கரைக்கு வந்தாள்.

டிரைவர் முதலாவதாக வந்திருந்தார். நிறுத்தத் தெரியாமல் புல்தரைவரை ஏறிவிட்டாராம்.

*

கரையில் நாத்தனார் பைனாகுலரோடு நின்றிருந்தாள். டெய்லர் அக்கா முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்னால் சொன்னாள்.

"பிரிஞ்சிடுச்சு அண்ணி. தூர மிதவைக்கிட்ட. ரெண்டு பேரைத் தாண்டினேன். அப்புறம்தான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்."

"என் படகைக் கணக்குல சேக்க வேணாம்னா..." பின்னால் ஏழு பேரும் ஈரத்தோடு வந்து நின்றிருந்தார்கள். கார்பெண்டர் தொப்பியைக் கையில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தார்.

நாத்தனார் சட்டைப் பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்தாள். மன்றத்தின் விதிப் புத்தகம். மனப்பாடம்தான், இருந்தாலும் எல்லோர் முன்னாலும் திறந்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"பந்தயத்தின் நடுவே சேதமாகி அளவு மாறினால், அதனால் அந்தப் படகு பயன் அடையவில்லை என்றால், தண்டனை இல்லை." புத்தகத்தை மூடினாள். "தாண்டின ரெண்டு பேரையும் திரும்பத் தாண்ட விட்டாச்சு. பின்னால வந்த நாலு பேரையும் விட்டாச்சு. கடைசியா வந்த படகு என்ன பயன் அடைஞ்சுது? எட்டும் முடிச்சாச்சு. எழுதிக்கிறேன்."

டிரைவர் போட்ட கூச்சலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. நர்ஸ் டெய்லர் அக்காவைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே குதித்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒரு பெண்மணி, கையில் காய்கறிப் பையோடு, கார்பெண்டரிடம் மெல்லக் கேட்டாள்: "இதுல சேரணும்னா எங்கேங்க பேர் கொடுக்கணும்?" அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் நாத்தனார் படகருகே வந்தாள். வெள்ளைப் பேண்ட் நனைவதைப் பார்க்காமல் முழங்காலளவு தண்ணீரில் நின்று, பிரிந்து தொங்கிய நூலைச் சுருட்டினாள்.

"முதல்ல வந்திருக்கலாம் நீ."

"ஆமா அண்ணி. ஆசையாத்தான் இருந்துச்சு."

"எனக்குப் பொறாமையா இருக்கு" என்றாள் நாத்தனார் திடீரென்று.

டெய்லர் அக்கா திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

"உன் மேலயும் இல்ல, அவன் மேலயும் இல்ல. நீ முதல் சுத்துல தனியா சிரிச்சே பாரு. பைனாகுலர்ல பாத்தேன். இருபது வருஷம் ஓட்டினேன் நான். எத்தனை கோப்பை வாங்கினேன், உனக்குத் தெரியும். ஒரு நாளாவது சிரிச்சேனான்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகமே வரல. இடிச்சிடுமோ, உரசிடுமோ, இதுக்கு யாரு காசு கொடுப்பான்னு பயந்து பயந்தே ஓட்டினேன். அந்தப் படகு என்னைத்தான் ஓட்டுச்சு." 

டெய்லர் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் காய்ந்த கட்டைவிரலால் அந்தக் கையைத் தடவிக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மன்றத் தலைவர் வர வேண்டுமா? நல்லது நடக்கும் இடத்தில் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும். கையில் ஒரு காகிதம்.

"அம்மா, ஒரு சின்ன சங்கடம்" என்றார். "பெரிய படகுக்காரங்க மூணு பேர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருக்காங்க. எட்டாவது படகை ஒத்துக்கிட்ட அளவு அதிகாரி, அந்தப் படகுக்காரிக்கு நாத்தனார்னு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் எதுவும் முடிவு இல்ல. உங்க பதவியும்..." மீதியை அவர் தொண்டையைக் கனைத்து முடித்தார்.

டெய்லர் அக்காவுக்குக் காலுக்குக் கீழே இருந்த சேறு நழுவியதுபோல் இருந்தது.

நாத்தனார் காகிதத்தை வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினாள். தலைவர் கையில் கொடுத்தாள்.

"ஞாயிற்றுக்கிழமைதானே? வரேன். புத்தகத்தோட வரேன்." பிறகு டெய்லர் அக்காவிடம் திரும்பி, "இந்தாம்மா, ஏறி ஓரமா உட்காரு. ரெண்டு பேர் தாங்குமா இது?"

"தாங்கும் அண்ணி! நசுங்கித்தான் உக்காரணும்."

வெள்ளைப் பேண்ட்டோடு படகுக்குள் ஏறினாள் நாத்தனார். படகு தள்ளாடியது. கார்பெண்டர் தண்ணீரில் இறங்கி வந்து பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சுக்கான் பிடியை வாங்கிக்கொண்டாள். அந்தக் கை பட்டதும் படகு சட்டென்று பணிவாகிவிட்டதை டெய்லர் அக்கா உணர்ந்தாள்.

பாவம், எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தால் என்ன? இருபது வருடமாக நீளப் படகு ஓட்டிய கைக்கு இந்தக் குட்டைப் படகு எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று தெரியவில்லை. படித்துறையின் இரும்புத் தூணில் க்ரீச்சென்று உரசியது.

நாத்தனார் அப்படியே உறைந்துபோனாள். எட்டிப் பார்த்தாள். படகின் பக்கவாட்டில், புதுப் பெயிண்ட்டில், ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

"ஐயையோ... மன்னிச்சுக்கம்மா, நான்..."

"அதனால என்ன அண்ணி? பலகைதானே. உங்க தம்பி பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டு ஓடி வருவாரு."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். கீறலைப் பார்த்தாள். அவ்வளவுதானா என்பதுபோல் மறுபடி அவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, யாரும் விலை சொல்லவில்லை. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். டெய்லர் அக்காவுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து படகைக் கவிழ்க்கப் பார்த்தார்கள்.

கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. தடுமாறித்தான் வந்தது.

"அக்கா! உரசிட்டியா?"

சிரிப்பு நின்றது. ஒரு வருடமாகக் கேட்காத குரல். நாத்தனார் கண்ணைத் துடைத்தாள். தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் கையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆமாடா!" என்று கத்தினாள் அக்கா. "இன்னொரு தடவை உரசிட்டு வரேன், இரு!"